பொழுது சாய்வதற்குள்

கொல்லிமலைக்குப் போகும் வழியில் காரவள்ளியைத் தாண்டியதும் காரில் இருக்கும் பிள்ளைகள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முப்பதைத் தாண்டும்போது எண்ணிக்கை நின்று எலுமிச்சம்பழம் கைமாறும். நாமக்கல் பக்கத்துக்காரனான எனக்கு இது பழகிப்போன காட்சி. ஞாயிறு காலை ஏறி மாலையே இறங்கிவிடும் இந்த ஒருநாள் விருந்தாளியைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொருவரும் நினைவுக்கு வருவார்: உல்லாசக் கப்பலில் வந்து வெனிஸைப் பார்த்துவிட்டுப் போகிறவர்.

பொருத்தமில்லாத ஜோடிதான். நம் மலை கடலுக்கு மேலே ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெனிஸோ கடலோடு சேர்ந்தே மூச்சு விடுகிற ஊர். 2019 நவம்பரில் கடல் 187 சென்டிமீட்டர் ஏறி சான் மார்க்கோ சதுக்கத்துக்குள் புகுந்தது. ஆனால் இரண்டு பேர் கையிலும் கட்டியிருப்பது ஒரே கடிகாரம். நேரத்துக்குள் திரும்பாத பயணிக்காகக் கப்பல் காத்திராது. இருட்டிவிட்டால் மலையில் வண்டி இறக்க நம் ஊர் டிரைவர்கள் பிரியப்படுவதில்லை.

ஊருக்குள் நுழைகிற விதத்தில் இருவருக்கும் ஒருகாலத்தில் ஒற்றுமை இருந்தது. பெரிய கப்பல்கள் முன்பு ஜுதேக்கா கால்வாய் வழியாக, சான் மார்க்கோவின் முகப்பிலேயே போகும். கீழே காலை வைப்பதற்கு முன்பே, மேல்தளத்தில் நின்றபடி மொத்த ஊரையும் மாடியிலிருந்து எட்டிப்பார்ப்பதுபோலப் பார்த்துவிடலாம். 2019 ஜூன் 2 அன்று ‘எம்எஸ்சி ஓபரா’ என்ற கப்பல் கட்டுப்பாடு இழந்து, கரையிலும் நின்றிருந்த சுற்றுலாப் படகிலும் மோதியது. 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு அந்த வழி மூடப்பட்டது. இப்போது மார்கேராவின் தொழிற்சாலைத் துறையில் இறங்குகிறவர்கள் உண்டு. ராவென்னாவில் இறங்கி பஸ்ஸில் மணிக்கணக்காக வருகிறவர்களும் உண்டு. நமக்கு அந்த மாடிக் காட்சி இன்னும் கிடைக்கிறது. வளைவு ஏற ஏறக் கீழே ஏரியும் வயலும் சிறுத்துக்கொண்டே போகும்.

இறங்கிய பிறகுதான் இருவரும் பிரிகிறார்கள். நான் சொல்ல வந்ததும் இதைத்தான்.

வெனிஸில் கார் கிடையாது. அவசரக்காரரானாலும் நடந்துதான் தீர வேண்டும். ‘ரியால்தோவுக்கு’, ‘சான் மார்க்கோவுக்கு’ என்று மஞ்சள் பலகைகள் வழி காட்டும், கூட்டமும் அதன் பின்னாலேயே நகரும். ஒரு சந்தைத் தவறவிட்டுத் திரும்பினால் போதும், சட்டென்று அமைதி. துணி காயும் முற்றம், முட்டுச்சந்தின் முடிவில் பச்சைத் தண்ணீர். நானூறுக்கு மேற்பட்ட பாலங்களில் பெரும்பாலானவற்றுக்குப் படிகள் உண்டு. கடைச் சரக்கு படகில் வந்து துறையில் இறங்கும்; அதைத் தள்ளிப்போகும் கைவண்டியின் முன்பக்கம் தனியாக இரண்டு சின்னச் சக்கரங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் படியில் ஊன்றி, பின்னாலிருந்து நெம்பி, படிப்படியாக ஏற்றுவார்கள். வழியை அடைத்துக்கொண்டு படம் எடுக்கும் பயணியைப் பார்த்துச் சத்தமும் போடுவார்கள். அந்த ஊர் எப்படிச் சாப்பிடுகிறது என்பதைத் தனக்குத் தெரியாமலே பயணி பார்த்துவிடுகிறார்.

நம் ஆளை இப்படித் தொலையவிட யாருமில்லை. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையருகே ஒரு படம், அறப்பளீஸ்வரர் கோயிலில் ஒரு கும்பிடு, எட்டுக்கை அம்மன், மாசிலா அருவி, சீக்குப்பாறையில் ஒரு செல்ஃபி. எல்லா இடத்துக்கும் வாசல் வரை வண்டி போகும். வழியில் மரவள்ளிக் காடு வரும். எங்கள் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்போம். சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் எத்தனையோ இடத்தை அது பிடித்துக்கொண்டது. கிழங்கு லாரியில் ஏறி சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. மிளகுக்கொடி ஏறிய மரமும் அப்படித்தான், கண்ணாடிக்கு வெளியே ஓடிப்போய்விடும். வீட்டுக்கு மிளகும் பலாவும் வாங்கிப் போகிறவர்கள்கூட, அது விளையும் இடத்தில் ஐந்து நிமிடம் நிற்பதில்லை.

ஒரே விதிவிலக்கு ஆகாய கங்கை. அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து அந்த அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இங்கே வண்டி தோற்றுப்போகிறது. சுமார் முந்நூறு அடி உயரத்திலிருந்து விழும் ஐயாற்றில் நனைந்துவிட்டு, ஈரத்துணியோடு திரும்பி ஏறும்போதுதான் சிக்கல். பத்துப் படிக்கு ஒருதரம் உட்கார்ந்தாக வேண்டும். உட்கார்ந்தால் பக்கத்தில் அன்னாசிக்கீற்று விற்கிற அம்மாவிடம் பேச்சுக் கொடுக்கத்தான் தோன்றும். ஒருமுறை அப்படி உட்கார்ந்தபோது, அந்தக் கூடையைத் தினமும் யார் சுமந்து வருகிறார்கள் என்று கேட்டேன். “வேற யாரு சாமி, நாந்தான்” என்று சொல்லிவிட்டு, கீற்றில் மிளகாய்ப்பொடியைத் தூவிக் கொடுத்தார். கொல்லிமலையில் என் காதில் விழுந்த உருப்படியான பேச்செல்லாம் இந்தப் படிக்கட்டில் மூச்சு வாங்கியபோது விழுந்ததுதான்.

கூட்டத்தைக் கட்டணத்தால் அடக்கலாம் என்று வெனிஸ் நினைக்கிறது. 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் அதிகமுள்ள நாட்களில், இரவு தங்காமல் திரும்புகிறவர்களுக்கு 5 யூரோ. 2025-இல் கடைசி நேரத்தில் பதிகிறவர்களுக்கு அது 10 ஆனது. நம் பக்கத்தில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ். இங்கும் வைக்கலாமே என்று டீக்கடையில் யாராவது கேட்டால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் பாஸ் ஆட்களை எண்ணுமே தவிர, யாரையும் வண்டியைவிட்டு இறக்காது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெனிஸின் பழைய தீவு நகரத்தில் 1951-இல் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022-இல் அது 50,000-க்கும் கீழே போய்விட்டது. குடியிருப்பதைவிட விருந்தாளிக்கு வாடகைக்கு விடுவது லாபம் என்றான பிறகு வீடுகள் கைமாறின. கொல்லிமலையிலும் ஏறத்தாழ அதே அளவு ஜனம்தான், சுமார் 40,000 பேர். பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். எண்ணிக்கை ஒன்றுபோல இருந்தாலும், அங்கே மிச்சமிருப்பவர்களின் கணக்கு அது. இங்கே இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சோளக்காட்டில் சாக்கு விரித்து வாழைத்தாரோடு உட்கார்ந்திருப்பது அவர்கள்தான். அந்த இடத்தில் விடுதி விளம்பரப் பலகை மட்டும் நிற்கும் நாள் வரக்கூடாதே என்ற பயம் எனக்கு உண்டு.

மாலை நாலரைக்கு மேல் வண்டிகள் வரிசையாக இறங்கும். வளைவுப் பலகைகள் இப்போது எழுபதிலிருந்து ஒன்றை நோக்கி வரும். ஏறும்போது எண்ணிய பிள்ளைகள் தூங்கிப் போயிருப்பார்கள்.