கடற்கரை வளவுகளில் சினைப்பன்றி பேணிய சரித்திரம்

பள்ளிவாசல்துறை முதலாக நீர்கொழும்பு ஈறாக நீளும் மேற்குக் கடற்கரையிலே, மணலும் தென்னையும் மீன்பிடித் தொழிலும் ஊருக்கு ஊர் மாறுவதில்லையாயினும், வளவில் வளரும் பிராணி மட்டும் குடிகளின் சமய ஆசாரத்துக்கேற்ப மாறிவிடுகிறது. பள்ளிவாசல்துறையின் முஸ்லிம் இல்லங்களிலே ஆடும் மாடும் உண்டு, பன்றி இல்லை. திரௌபதை அம்மன் தீமிதிப்புக்குப் பெயர்போன உடப்பைக் கடந்து, சிலாபம், மாரவில, வென்னப்புவ எனத் தெற்கே செல்லுந்தோறும், கத்தோலிக்கக் குடும்பங்களின் கொல்லைப்புறத்திலே கிடுகு வேய்ந்த பன்றிக் கொட்டில் தென்படலாகும். இலங்கையின் பன்றி வளர்ப்பிற் பெரும்பகுதி புத்தளம், கம்பஹா, கொழும்பு ஆகிய மாவட்டங்களின் கரையோரத்திலேயே குவிந்திருப்பதற்கு இச்சமயப் பின்னணியே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் தென்னை. செக்கிலே எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் தேங்காய்ப் புண்ணாக்கும், அரிசித் தவிடும், மீன் கழிவும், சமையலறைக் கழுநீரும் பணச்செலவின்றியோ சிறு செலவிலோ கிடைத்த இடத்தில், நத்தாருக்கும் கோயில் திருநாளுக்கும் விற்கத்தக்க ஒரு பிராணியை ஏழைக் குடும்பமும் வளர்க்க முடிந்தது. ஆடவர் கடலுக்குப் போய்விட, கொட்டிலின் பரிபாலனம் பெரும்பாலும் பெண்களின் கையிலேயே இருந்தது. வள்ளங்களையும் வலைகளையும் பற்றி எத்தனையோ எழுதிய நம் சரித்திரக்காரர், வலை வெறுமையாக வந்த மாதங்களிலும் அடுப்பு எரியச் செய்த இவ்வுழைப்பைப் பற்றி ஒரு பக்கந்தானும் எழுதாமற் போனது பெருங்குறை.

அப்பெண்களின் அறிவு கணக்கிலே தொடங்கியது. பெண்பன்றி 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும்; ஆண்பன்றியுடன் சேர்த்தபின் அடுத்த பருவம் தவறினால் சினை நின்றதென்று கொள்வர்; சேர்த்த நாளிலிருந்து மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என எண்ணிக்கொண்டால் ஏறக்குறைய 114 நாட்களில் ஈற்று வந்துசேரும். நாள் நெருங்கியதைப் பிராணியே அறிவிக்கும். முதல்நாள் வரை சோம்பிக் கிடந்த பன்றி அமைதியிழந்து, காய்ந்த தென்னோலையையும் வைக்கோலையும் வாயிற் கவ்வி வந்து ஒரு மூலையிலே குவிக்கும், காலால் கிளறும், மறுபடி எழுந்து குவியலைத் திருத்தும். முலைக்காம்பை மெல்லப் பிதுக்கினால் பால் துளிர்க்குமாயின், அன்றிரவு அல்லது மறுநாள் குட்டி பிறக்கும் என்று அறிந்து, விளக்கும் பழந்துணியுமாகக் காவலிருப்பர்.

அக்காவல் வீண் சம்பிரதாயமன்று. பிறந்த குட்டிக்கு 32 முதல் 35 பாகை வரையான வெப்பம் தேவை. தாய்க்கோ அத்தனை வெப்பம் பெருந்துன்பம். குளிரும் குட்டிகள் தாயின் உடலை ஒட்டிப் படுக்க, புரண்டு படுக்கும் தாயின் பாரத்திலே சில நசுங்கி மாண்டுபோகும். ஆதலால் ஒவ்வொரு குட்டியையும் துடைத்து, மூக்கின் சளியை நீக்கிக் காம்பிலே சேர்ப்பதும், நஞ்சுக்கொடி முழுவதும் விழுந்ததா என்று பார்ப்பதும் அந்த இரவின் கடமைகள். பன்றியின் கருப்பை வழியாகக் குட்டிக்கு நோயெதிர்ப்புச் சத்து செல்வதில்லையென்றும், முதல் நாளின் சீம்பாலே அதை அளிக்கிறதென்றும் விஞ்ஞானம் பின்னர் விளக்கியது. அவ்விளக்கம் வருமுன்னரே, குட்டியை உடனே காம்பில் விடும் வழக்கம் கொட்டிலிலே நிலைத்திருந்தது.

கறுத்த நாட்டுப் பன்றிக்குப் பதிலாக லார்ஜ் வைட், லாண்ட்ரேஸ் முதலான சீமை இனங்களும், மண் தரைக்குப் பதிலாகச் சிமெந்துத் தரையும் பரவியபோது, எவரும் எண்ணாத ஓர் இடர் உடன் வந்தது. குட்டியின் உடலுக்கு நாளொன்றுக்கு 7 மில்லிகிராம் அளவிலேனும் இரும்புச்சத்து வேண்டும். தாய்ப்பால் தருவதோ ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். முன்பு மண்ணைக் கிளறித் தின்று அக்குறையை நிரப்பிய குட்டிகள், சிமெந்தின்மேல் வெளிறிச் சோகை பிடித்து இறந்தன. பிறந்த மூன்றாம் நாளளவில் இரும்பு ஊசி போடும் மிருக வைத்தியரின் அவசியம் இவ்வாறு ஏற்பட்டது. 1947 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மிருக வைத்தியக் கல்வியும், பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் அமைந்த ஆராய்ச்சி நிலையமும் அத்தகைய வைத்தியத்துக்கு ஆதாரமாயின.

சினைக்கு வந்த ஆபத்துகள் மனிதரையும் விடவில்லை. 1985, 1986 ஆம் ஆண்டுகளில் அனுராதபுரப் பகுதியிலே பரவிய ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் கிருமி, பன்றியின் இரத்தத்திலே பெருகி, வயல் நுளம்பின் வழியே மனிதரைச் சேர்வது. சினைப்பன்றியைத் தொற்றினால் கரு சிதையும், குட்டிகள் இறந்தே பிறக்கும். சினை கலைந்த கொட்டிலைக் குடும்பத்தின் தனிப்பட்ட துரதிர்ஷ்டமென்று விட்டுவிடாமல், ஊரின் சுகாதாரத்துக்கே முன்னறிவிப்பாகக் கொள்ளவேண்டும் என்பதை அந்நோய் கற்பித்தது. 1988 முதல் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது.

2024 இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையிலே உறுதிசெய்யப்பட்டபோது, கணக்கு முற்றிலும் மாறியது. இந்நோய் மனிதரைத் தொற்றாது. பன்றிக்கோ பெரும்பாலும் மரணமே. பன்றியிறைச்சி எச்சம் கலந்த கழுநீர் அதைப் பரப்பும் வழிகளுள் ஒன்று. தலைமுறை தலைமுறையாக ஏழைக் குடும்பத்தைத் தாங்கிய உணவே இன்று கொட்டிலுக்குள் நோயைக் கொண்டுவரக்கூடும். ஆதலின் ஒரு பன்றியாயினும் வளர்ப்போர், கழுநீர் ஊற்றுவதை அறவே விடுக. விட இயலாதவர் அதை நன்கு கொதிக்கவைத்து ஆற்றியபின்னரே ஊற்றுக. சினை கலைந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ இறைச்சிக்கு விற்க விரையாமல் அன்றைக்கே அரசாங்க மிருக வைத்தியருக்கு அறிவிக்க.