செவி மூடியபின் பிறந்த இசை

மனத்துயரைப் பிறர்க்கு உரைக்கச் சொல் ஒரு வழி. இசை மற்றொரு வழி. சொல்லே இன்றி, நான்கு தந்தி வாத்தியங்களைக் கொண்டே தம் வாழ்க்கையை வரைந்த பெருமகனார் ஒருவர் உண்டு. இன்றைய செக் நாட்டின் பகுதியாகிய பொஹீமியாவில் 1824-இல் பிறந்த பெத்ரிக் ஸ்மெதானாவே அவர்.

அந்நாளில் அந்நாடு ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. ஜெர்மன் மொழியிற் கல்வி பயின்ற ஸ்மெதானா, செக் மொழியைச் செவ்வனே எழுதக் கற்றது பிற்காலத்திலேதான். பிழைப்பு நாடிச் சுவீடனில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். புதல்வியர் நால்வருள் மூவரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தார். 1859-இல் மனைவியும் மறைந்தார். தாயகம் திரும்பிச் செக் மொழி இசைநாடகங்களால் புகழ் எய்திய அவருக்கு, 1874 அக்டோபரில், ஐம்பதாம் வயதில், இரு செவிகளும் அறவே கேளாமற் போயின.

1876-இன் இறுதியில், சிற்றூர் ஒன்றில் மகள் இல்லத்தில் தங்கியிருந்தபோது, 'என் வாழ்க்கையிலிருந்து' என்னும் நால்வர் இசையை இயற்றினார். வயலின் இரண்டு, அதனினும் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, காலிடை நிறுத்தி வாசிக்கும் செல்லோ ஒன்று. நண்பர் நால்வர் கூடி மனம்விட்டுப் பேசுவதுபோல் அது அமைதல் வேண்டும் என்பது அவர் கருத்து.

அதன் பகுதிகள் நான்கு. முதற்கண் வியோலா எழுப்பும் குரல், இளமையின் கலைவேட்கையையும் வரவிருக்கும் துன்பத்தையும் ஒருங்கே உணர்த்தும். இரண்டாவது, துள்ளும் போல்கா நடனம். மூன்றாவது செல்லோவின் தனிக்குரலில் தொடங்குவது. மறைந்த மனைவியின் நினைவு.

நான்காவது, தாய்நாட்டு இசையின் வளம் கண்ட களிப்போடு விரைந்து செல்கிறது. திடீரென அனைத்தும் நின்றுவிடுகின்றன. கீழே மூன்று வாத்தியங்கள் நடுங்க, முதல் வயலின் மிக உயர்ந்த ஸ்தாயியில் ஒரே சுரத்தை நீளப் பிடிக்கிறது. செவிடாகுமுன் அவர் காதில் ஓயாது ஒலித்த கூரிய இரைச்சலே அது! பின்னர்ப் பழைய நினைவுகள் சில தோன்றி மங்க, இசை மெல்ல அடங்குகிறது. அழுகை ஆர்ப்பாட்டம் ஏதும் இல்லை.

1878-இல் அன்பர் கூட்டத்தில் இது வாசிக்கப்பெற்றபோது வியோலா வாசித்தவர், பின்னாளில் உலகப்புகழ் பெற்ற துவோர்ஷாக். 1879-இல் பிராக் நகரில் பொதுமேடை ஏறிற்று. எல்லோரும் கேட்டனர், இயற்றியவர் மட்டும் கேட்டிலர். 1884-இல் அவர் மறைந்தார்.

செவிடான பின்னும் இசை யாத்தோர் முன்பும் உண்டு. பேத்தோவன் அவருள் தலையாயவர். ஆயின், தம்மை வருத்திய நோயின் ஒலியையே எடுத்து இசையில் ஒரு சுரமாக வைத்தார் ஸ்மெதானா. துயரை மறைத்தாருமல்லர், அதன்முன் மண்டியிட்டாருமல்லர். மொழி அறியாத நாமும் அந்த ஒரு சுரத்தைக் கேட்ட மாத்திரத்தில் அவர் பட்ட பாட்டினை உணரலாம்.