முதுகெலும்பில் கை வைக்குமுன்: அஸ்ஸஹ்ராவி சொன்னது

கைரோபிராக்டிக் என்னும் முதுகெலும்புச் சிகிச்சையைப் பற்றி நம் வீடுகளில் இப்போது அதிகம் பேசுகிறோம். கழுத்தைத் திருகிச் 'சடக்'கென ஒலியெழுப்பும் காணொளிகள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகின்றன. "நம் ஸஹ்ராவி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்தது தானே" என்ற பெருமிதமும் கூடவே வருகிறது. அது பாதிதான் சரி.

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. கி.பி. 1000-ஐ ஒட்டி அவர் முடித்த 'அத்தஸ்ரீஃப்' 30 பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவம். முதுகெலும்பு விலகலுக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. நோயாளியைச் சுவரருகே பலகையில் குப்புறக் கிடத்தி, உடலில் கட்டிய கயிறுகளைத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் உதவியாளர்கள் இழுக்க, மருத்துவர் உள்ளங்கையால் எலும்பை அழுத்தி இருப்பிடம் சேர்ப்பார். இது அவருடைய கண்டுபிடிப்பன்று. ஹிப்போகிரட்டீஸ் காலத்துக் கிரேக்கரிடமிருந்து வந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை. முன்னோர் விரிவாக எழுதியவற்றுள் பெரும்பாலானவை பயனற்றவை என்றும் சொல்லிவிடுகிறார்.

நம்மை வியக்கவைப்பது அவர் தொடங்கும் விதம். முள்ளெலும்பு முற்றிலும் விலகினால் சிகிச்சையே இல்லை, மரணம் விரைந்து வரும். குழந்தைப் பருவத்தில் வந்த கூனுக்கும் மருந்தில்லை. முடியாதவற்றை முதலில் சொன்ன பிறகே செய்முறைக்கு வருகிறார். நூலின் முன்னுரையில் தாம் கண்ட ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார்: அறியாத மருத்துவன் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியைக் கீற, இரத்தக்குழாய் அறுந்து அவள் அவன் முன்னாலேயே உயிரிழந்தாள். இதைக் கண்டவர் எச்சரிக்கையோடு எழுதியதில் வியப்பில்லை.

1465-இல் துருக்கியின் அமாஸ்யாவில் ஸபுன்ஜுஓக்லு இச்சிகிச்சையை வண்ணப் படங்களோடு துருக்கிய மொழியில் தந்தார்.

கைரோபிராக்டிக் என்ற பெயர் பிறந்ததோ அமெரிக்காவில். 1895-இல் அயோவாவின் டேவன்போர்ட் நகரில், காந்த வைத்தியம் செய்துவந்த டேனியல் டேவிட் பாமர், காது மந்தமான ஒரு துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பைச் சரிசெய்து செவிப்புலனை மீட்டதாகக் கூறினார். நோய்களில் 95 விழுக்காடு விலகிய முள்ளெலும்புகளால் வருபவை என்றும் பின்னர் எழுதினார். உரிமமின்றி மருத்துவம் பார்த்ததற்காக 1906-இல் சிறையும் சென்றார். ஸஹ்ராவியின் அத்தியாயத்துக்கும் இந்தக் கோரிக்கைக்கும் நெடுந்தூரம்.

இடுப்புவலிக்கு, முறையாகப் பயின்றவரின் கைச்சிகிச்சை ஓரளவு பயன் தருவதாக ஆய்வுகள் கூறுகின்றன. கழுத்தைச் சட்டெனத் திருகுவது வேறு. அரிதாக அங்குள்ள இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேரலாம். மருத்துவம் அறிந்தவரென அறியப்படாத ஒருவர் சிகிச்சை செய்து தீங்கு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்துள்ள ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. அதை மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே, முடிதிருத்தும் கடையில் நெட்டி முறிக்க நாமும் பல ஆண்டுகள் கழுத்தைக் கொடுத்தவர்கள் தாம். இப்போது கையை உயர்த்தி வேண்டாம் என்கிறோம். கடைக்காரருக்குச் சற்று மனவருத்தம்.