வலிக்காத கால்கள்

பாதத்தை மட்டும் பார்க்கும் மருத்துவருக்கு நம் பேச்சில் பெயரில்லை. பல் டாக்டர் உண்டு, கண் டாக்டர் உண்டு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பாத மருத்துவம் தனிப் படிப்பு, தனித் தொழில். நமக்கோ, ஆணிக்கால் என்றால் மருந்துக்கடை பிளாஸ்திரி, பித்தவெடிப்பு என்றால் தேங்காயெண்ணெய், மற்றதெல்லாம் ‘நடந்தா சரியாப் போவும்’. இந்தப் பெயரின்மைக்கு ஒரு வரலாறு உண்டு என்று நினைக்கிறேன். அதை என் ஊரான சுசீந்திரத்திலிருந்து தொடங்குகிறேன். கால் எங்கே படலாம், எங்கே படக்கூடாது என்பதற்காகவே போராட்டம் நடந்த ஊர் அது.

தாணுமாலயன் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியினரும் நடக்க உரிமை கேட்டு, வைக்கத்தைத் தொடர்ந்து 1926இல் இங்கே சத்தியாகிரகம் நடந்தது. டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்றார். 1930இல் மறுபடியும் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. இதை ஆண்களின் கதையாகவே படித்து வளர்ந்தோம். தெருவில் நடக்க விலக்கு இருந்த சாதிகளின் பெண்கள் அப்போது எங்கே நின்றார்கள்? ஊரை ஒட்டிய வயல்களில், கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் முழங்கால் சேற்றில் நாற்று நட்டுக்கொண்டு. தெருவைத் தீட்டாக்கும் என்று விலக்கப்பட்ட கால், சோற்றை மட்டும் தீட்டாக்கவில்லை போலும்.

நாள் முழுக்கச் சேற்றில் ஊறிய காலில் விரலிடுக்கு வெளுத்து, தோல் பிய்ந்து, அரிப்பெடுத்து, புண்ணாகும். சேற்றுப்புண். பூஞ்சையும் அதன் பின்னால் கிருமியும் நுழைகிற வாசல் அது. யானைக்கால் கண்ட பெண்ணுக்கு அந்த வாசல் வழியாகத்தான் காய்ச்சலும் வீக்கமும் திரும்பத் திரும்ப வரும். அதற்குப் பெண்கள் கண்ட மருந்து மருதாணி. அரைத்து விரலிடுக்கில் வைத்துக் காயவிடுவார்கள். மருதாணிச் சாயத்துக்குப் பூஞ்சையைத் தடுக்கும் குணம் உண்டு என்று பின்னால் ஆய்வகங்களும் கண்டன. கல்யாண வீட்டு அலங்காரமாக மட்டுமே நாம் அறிந்திருப்பது, நடவுக்காரியின் கை மருந்தும்தான். இதைக் கண்டுபிடித்தவள் பெயர் எந்த நூலிலும் இல்லை.

நூலில் ஏறிய பாத மருத்துவம் தமிழ்நாட்டில் வேறு கால்களிலிருந்து, தொழுநோயாளிகளின் கால்களிலிருந்து தொடங்கியது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் காட்டிய நோயாளிகள் அவர் வேலையின் திசையையே மாற்றினார்கள். நோய் தசையை அழுகச் செய்கிறது என்றே அதுவரை பலரும் நம்பினார்கள். பிராண்டும் உடன் உழைத்தவர்களும் கண்டது வேறு. நோய் நரம்பைக் கொல்கிறது, நரம்பு செத்தால் வலி தெரியாது, வலி தெரியாதவர் புண்ணின் மேலேயே நடக்கிறார். முள் குத்தினால் நீங்களும் நானும் நொண்டுவோம். அந்த நொண்டல்தான் காலுக்கு இயற்கை கொடுக்கும் ஓய்வு. அதை இழந்தவருக்கு ஓய்வை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். 1930களிலேயே இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் இத்தகைய புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஆற்றியிருந்தார். வேலூரிலும், 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் அந்த வழி வளர்ந்தது. ஆறிய கால் மறுபடி புண்ணாகாமலிருக்கச் செருப்பு வந்தது. நுண்துளை ரப்பரில், எம்.சி.ஆர். செருப்பு. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும், ஆணி இருக்கக்கூடாது, குதிகாலுக்குப் பின்னால் வார் வேண்டும். உணர்ச்சியில்லாத காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தால் அவருக்குத் தெரியாதே!

வேலூர் கதையில் பிராண்டின் பெயரோடு நிறுத்திக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. மேரி வர்கீஸ் அங்கே இளம் மருத்துவர். 1954இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையை வேலூரில் கட்டியெழுப்பினார். உணர்ச்சியில்லாத உடலைத் தினமும் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் காக்க வேண்டும் என்பதைத் தன் உடம்பிலேயே அறிந்தவர் அவர்.

ஆனால் அந்தச் செருப்பு ஒரு அடையாளமாகவும் ஆனது. தூரத்திலிருந்தே, இன்ன நோய்க்காரர் என்று காட்டிக்கொடுத்தது. பெண்ணுக்கு அந்த அடையாளத்தின் விலை என்ன என்று சட்டத்தைப் பார்த்தால் தெரியும். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்தது. நோயைக் குணப்படுத்தும் கூட்டு மருந்தை 1982இலேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது. சட்டத்திலிருந்து அந்த வரி நீங்கியது 2019இல். இடையில் 37 ஆண்டுகள். நியாயமாகவே எழுதினார்கள், கணவனும் மனைவியும் இருவருமே கேட்கலாம் என்று. வெளியே போகச் சொல்லப்பட்டால் போக இடமில்லாதவர் யார் என்பதைச் சட்டம் கேட்கவில்லை. அப்படியிருக்க, மரத்துப்போன கால் விரலை ஒரு பெண் சேலைக்குள் இழுத்துக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். இங்கே கற்றது அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பயன்பட்டது. அங்கேயும் நரம்பு செத்து, வலி போய், புண் ஆழமாகிற அதே கதைதான். இன்று உலகமெங்கும் சர்க்கரை நோயாளியின் பாதத்தில் ஒரு நைலான் இழையை 10 கிராம் அழுத்தத்தில் வைத்து ‘தெரிகிறதா?’ என்று கேட்கிறார்கள். அந்தச் சோதனை பரவியதில் கார்விலுக்குப் பெரிய பங்குண்டு. செங்கல்பட்டிலும் வேலூரிலும் தொழுநோயாளிகளின் கால் கற்றுக்கொடுத்த பாடம், உலகைச் சுற்றி நம் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர்.

அவர்களில் ஒருத்தி என் அத்தை. மார்கழித் தேரோட்டத்தில் வெயில் ஏறியபின் செருப்பில்லாமல் ரதவீதியில் நின்றாள். உள்ளங்காலில் கொப்புளம் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, துணி துவைக்கும் கல்லருகே இரத்தத்தைப் பார்த்தது அவள் மருமகள். ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. “வலிக்கல்லியே மக்களே, வலிச்சா சொல்லியிருக்க மாட்டனா?” என்றாள். சொல்லியிருக்க மாட்டாள். பிரசவத்துக்கு முந்தின நாள்வரை நெல் அவித்தவள், குதிகால் வெடித்து இரத்தம் கசிந்தபோதும் மெழுகை உருக்கி ஊற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனவள். நரம்பு சாகுமுன்னே, வலியைக் கேளாதிருக்கப் பழகிவிட்ட உடம்பு அது.

மருத்துவர்கள் சொல்லும் விதிகள் எளியவை. தினமும் உள்ளங்காலைப் பார், எட்டாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வை. விரலிடுக்கை ஈரமில்லாமல் துடை. வெறுங்காலோடு நடக்காதே, வீட்டுக்குள்ளும்தான். செருப்பைப் போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவு. வெந்நீரில் காலை வைக்காதே. புண் வந்தால் ஆறேழு வாரம் காலை ஊன்றாதே. கடைசி விதிக்கு அத்தை சிரித்தாள். ஆறேழு வாரம் யார் சமைப்பது? அந்த வாரங்களில் சமைத்தது மருமகள், கட்டு மாற்றக் கூட்டிப்போனதும் அவள், கண்ணாடி பிடித்ததும் அவள். மாமா தினமும் “இப்ப எப்பிடி இருக்கு?” என்று கேட்டார்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வருவதும் பெண்கள்தான், சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். ‘பாதம் பாதுகாப்போம்’ என்றும் அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. போன மாதம் எங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவந்த பெண்ணைத் திண்ணையில் உட்காரச் சொன்னேன். நாளெல்லாம் நடக்கிறவள். செருப்பைக் கழற்றியதும் குதிகாலில் வெடிப்பு. வலிக்கவில்லையா என்று கேட்டேன். இன்னும் பதினோரு வீடு இருக்கிறது என்றாள்.