நஞ்சுக்கொடி

1927-இல் சூரிச் நகரக் குழந்தை மருத்துவர் கைடோ ஃபான்கோனி, ஒரே வீட்டின் மூன்று சகோதரர்களைப் பற்றி எழுதினார். வளர்ச்சி குன்றிய உடல், தோலில் கருமை, ஊறாத ரத்தம். மூவருக்கும் ஒரே மாதிரி. வழிவழியாக இறங்கும் நோய் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஃபான்கோனி ரத்தசோகை என்ற பெயர் பிறகு வந்தது.

எது பழுது என்று புரியத்தான் நெடுங்காலம் ஆனது. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் சில வேதிப்பொருட்கள் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். ஜிப் நடுவழியில் மாட்டிக்கொள்வதுபோல. அந்தச் சிக்கலை எடுத்துவிட இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் சேர்ந்து உழைக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்றின் பழுதான பிரதி அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வந்து சேர்ந்தால், பெரும்பாலும், இந்த நோய். பெற்றோர் இருவரும் நன்றாகத்தான் இருப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. சில குழந்தைகள் கட்டைவிரல் இல்லாமல் பிறக்கும். சில குழந்தைகளிடம் வெளியே ஒரு குறையும் தெரியாது; பள்ளிக்கூடம் போகும் வயதில் எலும்பு மஜ்ஜை ஓய்ந்துவிடும்.

நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆர்லீன் ஆவர்பாக் இந்தப் பழுதையே சோதனையாக்கினார். இழைகளை ஒட்டவைக்கும் ரசாயனத்தைச் செல்கள்மேல் போட்டால், நோயுள்ள செல்லின் குரோமோசோம்கள் உடைந்து சிதறும். கருவின் செல்லிலேயே இதைப் பார்த்துவிடலாம். வட கரோலினாவில் ஐந்து வயது பையன் ஒருவனுக்கு இந்த நோய். அவன் அம்மா மறுபடி கர்ப்பம். வயிற்றிலிருக்கும் தங்கைக்கு நோய் இல்லை, அவள் திசு அண்ணனுக்குப் பொருந்துகிறது என்று தெரிந்தது. வழக்கமாகக் குப்பைக்குப் போகும் தொப்புள்கொடி ரத்தத்தை, அவள் பிறந்தபோது பிடித்து உறையவைத்தார்கள். 1988 அக்டோபரில் பாரிஸின் செயிண்ட் லூயி மருத்துவமனையில் எலியான் க்ளுக்மன் அதை அண்ணனுக்கு ஏற்றினார். உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று. பையன் பிழைத்தான்.

எனக்கு இதைவிட ஆச்சரியம் 2011-இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. கே.ஜே. படேலின் குழு சுண்டெலிகளில் இரண்டு மரபணுக்களை முடக்கியது: ஒன்று இந்தச் சிக்கலெடுக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது, மற்றது அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சை முறிப்பது. அசிட்டால்டிஹைடு வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை, உடம்பே தயாரிக்கும். இரண்டும் இல்லாத கரு பிழைக்குமா? அம்மாவைப் பொறுத்தது. அம்மாவிடம் நஞ்சுமுறிக்கும் மரபணு ஒரு பிரதியாவது இருந்தால் குட்டி பிறந்தது. இல்லையென்றால் இல்லை.

எங்கள் தொழிலில் இதைப் பார்த்திருக்கிறோம். ஸ்டேஜிங்கில் ஓடிய புரோகிராம் ப்ரொடக்‌ஷனில் படுத்துவிடும். தோண்டினால், ஸ்டேஜிங்கில் வேறொரு சர்வர் சத்தமில்லாமல் இதன் வேலையையும் பார்த்திருக்கும். இங்கே அந்த சர்வர் அம்மா. தமிழில் அந்த இணைப்புக்குப் பெயர் நஞ்சுக்கொடி! அந்தக் கொடி வழியாக அம்மா நஞ்சை இறக்கித்தானே வைத்திருக்கிறாள்.

குறையோடு குழந்தை பிறந்தால் "வயித்துல இருக்கும்போது என்னத்த தின்ன?" என்றுதான் ஊர் கேட்கும். சுண்டெலி முடிவை அப்படியே மனுஷிக்குப் பொருத்த முடியாது, சரி. கர்ப்பத்தில் மது கொடுத்தபோது அந்தக் கருக்கள் சட்டென்று சேதமானதும் உண்மை. ஆனாலும் பழுது அம்மா அப்பா இரண்டு பேர் வழியிலும் வந்தது. தடுத்து நின்றது அம்மா மட்டும்.

பிறந்த குட்டிகளில் பலவற்றுக்குப் பிறகு ரத்தப்புற்று வந்தது. 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மனிதர்களிடமே பார்த்தார்கள். குடித்தால் முகம் சிவக்கும் மரபணு மாற்றம் அங்கே சகஜம். அதே நஞ்சுமுறிக்கும் என்சைமின் குறைதான். ஃபான்கோனி நோயோடு அதையும் சுமந்த குழந்தைகளுக்கு மஜ்ஜை இன்னும் சீக்கிரமாக ஓய்ந்திருந்தது.