ஆட்குறைப்பு

ஆள் + குறைப்பு. 'ஆட்சேர்ப்பு' என்ற சொல்லில் நடப்பது போலவே இதிலும் ளகரம் டகரமாகிறது. பேச்சுவழக்கில் 'சீட்டு கிழிஞ்சது' என்று முடித்துவிடுவோம். செய்தித்தாள்கள் 'பணிநீக்கம்' என்கின்றன. சட்டத்தில் இரண்டும் வேறு. ஒழுங்கு நடவடிக்கைத் தண்டனையாக அனுப்புவது பணிநீக்கம். குற்றம் எதுவும் இல்லாமல், 'ஆள் அதிகம்' என்பது போன்ற காரணத்தால் அனுப்புவது ஆட்குறைப்பு.

ஐ.டி. நிறுவனங்களில் 'லே-ஆஃப்' என்பதும் உண்மையில் இதுதான். ஆனால் இந்தியச் சட்டத்தில் லே-ஆஃப் தற்காலிகமானது: மூலப்பொருளோ மின்சாரமோ இல்லாதபோது வேலை நிற்கும், பெயர் பதிவேட்டில் இருக்கும்; தகுதியுள்ளவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி உண்டு.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் ஆட்குறைப்பு விதிகள் 1953இல் சேர்ந்தன. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்குக் காரணம் எழுதிய ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இழப்பீடாக 15 நாள் சராசரிச் சம்பளம். பொதுவாக, அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும். 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்த அடிப்படை மாறவில்லை. மேலாளர்கள் இதற்குள் வரமாட்டார்கள்.

உங்கள் வேலையை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறார்களா? கூட்டங்களுக்கு அழைப்பு நின்றுவிட்டதா? அடுத்து வருவது பெரும்பாலும் அறிவிப்புக் கடிதம் அல்ல, 'நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், அனுபவச் சான்றிதழ் நல்லபடியாக வரும்' என்ற கனிவான பேச்சு. கையெழுத்திட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது. தானாக விலகியவருக்கு அந்த இழப்பீடு கிடையாது. வற்புறுத்தி வாங்கினார்கள் என்பதைப் பிறகு நிரூபிக்கும் சுமையும் கையெழுத்திட்டவர் தலையில்தான் விழும்.