சேமலாப நிதியும் பெண்களின் கணக்கும்

இலங்கையின் ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. இன்றைய விகிதப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதமும் தொழில்தருநரின் பங்காக 12 சதவீதமும் தொழிலாளியின் பெயரில் சேர்கின்றன. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழ்ச் சமூகத்தின் பெண்களும் இந்த நிதிக்கு உரிமையாளர்கள். வீடும் நிலமும் வேறெவர் பெயரிலோ இருக்கும்போது, கொழுந்து பறிக்கும் பெண்ணின் பெயரில் இருக்கும் ஒரே பெரிய தொகை பெரும்பாலும் இதுதான். அதனால்தான் இந்த நிதியின் வரலாற்றைப் பெண்களின் சொத்துரிமை வரலாறாகவும் வாசிக்க வேண்டும் என்கிறேன்.

ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் பணத்தை எடுக்கலாம். திருமணத்தின் பொருட்டு வேலையை விடும் பெண் அதற்கு முன்பே எடுக்கலாம். இது சலுகைதான். ஆனாலும் பெண்ணின் உழைப்பு திருமணத்தோடு முடிந்துவிடும் என்ற எண்ணமும் இந்த விதிக்குள் இருக்கிறது.

2011 ஏப்ரலில் தனியார் துறை ஊழியர்களுக்கான ஓய்வூதியச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. தொழிலாளி மேலும் 2 சதவீதம் செலுத்த வேண்டும். மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்தாண்டுகள் பணம் கட்டியிருக்க வேண்டும். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் தைக்கும் இளம்பெண்களில் பலர் சில ஆண்டுகளிலேயே ஊர் திரும்புகிறவர்கள். தங்கள் பணம் தங்களுக்குக் கிடைக்காது என்று கணக்குப் போட அவர்களுக்குப் பொருளியல் நிபுணர் தேவைப்படவில்லை. மே மாதம் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். மே 30 அன்று பொலிஸார் சுட்டனர். காயமடைந்த இளம் தொழிலாளி ரொஷேன் சானக ஜூன் 1 அன்று இறந்தார். பொலிஸ் மா அதிபர் பதவி விலகினார். சட்டமூலம் கைவிடப்பட்டது.

2023இல் வந்த ஆபத்துக்கு இப்படிப்பட்ட முகம் இல்லை. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், நிதியிடமிருந்த திறைசேரி முறிகளைக் குறைந்த வட்டியுள்ள புதிய முறிகளாக மாற்றச் சொன்னது அரசு. மாற்றாவிட்டால் நிதியின் வருமானத்துக்கான வரி 14 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகும் என்று இறைவரிச் சட்டம் திருத்தப்பட்டது. வங்கிகளின் முறிகளுக்கு இந்த மாற்றம் கேட்கப்படவில்லை. அங்கத்தவருக்கு 9 சதவீத வருவாய் உறுதி என்றார்கள். ஆனால் முந்தைய ஆண்டு செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டியிருந்தது. சேமிப்பின் மதிப்பு ஏற்கெனவே கரைந்து போயிருந்தது.

நிதியை நிர்வகிப்பது மத்திய வங்கி. அரசின் கடனை நெடுங்காலம் கையாண்டதும் அதே வங்கிதான். கடன் கேட்பவருக்கும் சேமிப்பைக் காப்பவருக்கும் ஒரே மேசை. அந்த மேசையில் தொழிலாளிக்கு நாற்காலி இல்லை. தொழிலாளிப் பெண்ணுக்கு நிச்சயமாக இல்லை.

நிதியைச் சட்டத்தால் காப்பது என்றால், முதலில் முதலீட்டு முடிவுகளில் அங்கத்தவர்களின் பிரதிநிதிகளுக்கு வாக்கு வேண்டும். அவர்களில் பெண்கள் இருக்க வேண்டும். அவர்களின் சம்மதமின்றி அரசு தன் கடன்சுமையை நிதியின்மேல் ஏற்றுவதைச் சட்டமே தடுக்க வேண்டும். பத்தாண்டு தொடர்ந்து உழைக்க இயலாத வாழ்க்கைகளையும் அது கணக்கில் எடுக்க வேண்டும். 2011இல் கட்டுநாயக்கவின் பெண்கள் ஒரு தவறான சட்டத்தைத் தடுத்தார்கள். சரியான சட்டம் இன்னும் எழுதப்படவில்லை.